புல்வெட்டும் மிஷின் இன்ஜினை மாடல் விமானத்தில் பூட்டுவது எப்படி

பேட்டரி மோட்டார் போட்ட ரேடியோ கன்ட்ரோல் விமானத்தில் ஒரு வருடமாவது கையைப் பழக்கிவிட்டு, அடுத்து பெட்ரோல் இன்ஜின் போட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நம் ராமநாதபுரம் கரையில் இருப்பவர்களுக்கு. விமானமே இதுவரை ஓட்டாதவர்கள் தயவுசெய்து இதில் தொடங்காதீர்கள். ஆறு கிலோ எடையும், முன்னால் சுழலும் மரப் புரொப்பல்லரும் பழகிப் பார்க்கும் சாமான் கிடையாது.

மாடல் விமானத்துக்கென்றே செய்த பெட்ரோல் இன்ஜின் விலை அதிகம், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மெத்தனாலில் ஓடும் குளோ இன்ஜின் வாங்கினால் எரிபொருளுக்கு அலைய வேண்டும். புல்வெட்டும் மிஷினின் (பிரஷ் கட்டர்) டூ ஸ்ட்ரோக் இன்ஜின் மட்டும் விவசாயக் கருவி விற்கும் கடைகளிலேயே கிடைக்கிறது. பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கார்புரேட்டர் எல்லாம் உதிரியாகவும் வாங்கலாம். அமெரிக்காவில் ஹோம்லைட், ரியோபி புல்வெட்டிகளின் 25, 31 சிசி இன்ஜின்களை இப்படி மாற்றிப் பறக்கவிடுவது ரொம்ப நாள் பழக்கம். நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. படகு ஷாஃப்ட் கடைகிற லேத் பட்டறை, ஃபைபர் படகு கட்டுகிற இடத்தில் மரைன் பிளையும் ரெசினும், டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் மெக்கானிக்குகள், இவ்வளவும் ஒரே சாலையில் கிடைக்கிற ஊர்கள் நம்முடையவை. இங்கே நமக்கு எதிரி என்று பார்த்தால் இரண்டுதான்: இன்ஜினின் அதிர்வு, கரையின் மணலும் உப்பும். கீழே சொல்லும் எல்லா வேலையும் இந்த இரண்டையும் சமாளிக்கத்தான்.

எந்த இன்ஜின் வாங்குவது

சந்தையில் அதிகம் கிடைக்கிற சீன இன்ஜின்களின் மேல் 1ஈ34எஃப், 1ஈ36எஃப், 1ஈ40எஃப், 1ஈ44எஃப் என்று எழுதியிருக்கும். நடுவில் இருக்கும் எண் சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். அதாவது 34 என்றால் சுமார் 26 சிசி, 36 என்றால் 33 சிசி, 40 என்றால் 43 சிசி, 44 என்றால் 52 சிசி. கடைக்காரர் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டி என்ன சொன்னாலும், சிலிண்டர் அடியில் அச்சில் வார்த்த எண்ணைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

முதல் முறைக்கு 26 சிசி போதும். இரண்டு மீட்டர் இறக்கை அகலம், மேலே இறக்கை வைத்த பயிற்சி விமானம், எல்லாம் சேர்ந்து ஆறு கிலோ பக்கம், இதற்கு அது சரியான ஜோடி. 43, 52 எல்லாம் எட்டு, பத்து கிலோ விமானங்களுக்கு. அதிர்வும் அந்த அளவுக்குக் கூடும். பெரிய இன்ஜினைச் சின்ன விமானத்தில் போட்டு மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது நடக்காது, மூக்கு எடையைச் சமாளிக்க வாலில் ஈயம் கட்டி விமானம் பறக்கும் கல்லாகிவிடும்.

பழைய இன்ஜின் கிடைத்தால் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பிஸ்டன் பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் அந்த இன்ஜின் ஏற்கெனவே அடி வாங்கியது, விட்டுவிடுங்கள்.

கழற்றுவது

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை. ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து, கிளட்ச் பக்கத்திலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை என்றால் சாதாரண புரொப்பல்லர் போடலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மாறி இருந்தால் எதிர்ச்சுற்று புரொப்பல்லர்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் பிளாஸ்டிக் மூடி, பெட்ரோல் டேங்க், கயிறு ஸ்டார்ட்டர், கிளட்ச் கட்டைகள், கிளட்ச் கூடு எல்லாம் கழன்று வரட்டும். கிளட்சும் ஷாஃப்ட் நட்டும் கழற்றும்போது பிஸ்டன் சுற்றாமல் நிற்க வேண்டும். இதற்கு ஸ்க்ரூடிரைவரை பிளக் ஓட்டையில் நுழைப்பவர்கள் உண்டு, பிஸ்டன் தலையில் குழி விழுந்துவிடும். வலைக்குப் போடும் நைலான் கயிறு ஒரு முழம் எடுத்து, முனையில் ஒரு முடிச்சுப் போட்டு, பிஸ்டன் கீழே இறங்கி மறுபடி ஏறி, சைலன்சர் பக்க ஓட்டையை மூடிய பிறகு பிளக் ஓட்டை வழியாகத் திணியுங்கள். கொஞ்சம் வெளியே தொங்கட்டும். பிஸ்டன் மேலே வந்து கயிற்றில் மெத்தென்று முட்டி நிற்கும், எதற்கும் சேதமில்லை. இங்கே கயிற்றுக்கா பஞ்சம்.

ஃபிளைவீலைச் சுத்தியால் தட்டிக் கழற்றாதீர்கள், காந்தம் விட்டுப்போகும், ஷாஃப்டும் வளையும். சின்ன புல்லர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபிளைவீலில் இருக்கும் விசிறி இறக்கைகள் இனித் தேவையில்லை, புரொப்பல்லர் காற்றே இன்ஜினைக் குளிரவைக்கும். அவற்றைக் கடைந்து எடுத்தால் எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஃபிளைவீலில் காந்தம் ஒரு பக்கம், அதற்கு எதிர் எடை மறுபக்கம் என்று சமன் செய்து வார்த்திருப்பார்கள். கடைசலில் அது கெட்டால் அதிர்வு இரட்டிப்பாகும். முதல் இன்ஜினில் அதைத் தொடாமல் விடுங்கள் என்பதுதான் என் கருத்து. நூறு கிராம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஹப்

எல்லாவற்றிலும் முக்கியமான பாகம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஷாஃப்டையும் புரொப்பல்லரையும் இணைக்கும் அலுமினிய உருளைதான் ஹப். கிளட்ச் கட்டைகள் இருந்த இரண்டு போல்ட் ஓட்டையிலேயே புரொப்பல்லரைப் பூட்டிவிடலாம் என்று ஒரு குறுக்குவழி உண்டு. ஃபிளைவீல் வார்ப்பு அலுமினியம், அந்த ஓட்டைகள் கிளட்சுக்காகப் போட்டவை. புரொப்பல்லர் இழுக்கும் இழுப்பில் அங்கே விரிசல் விழும். அதைச் செய்யாதீர்கள்.

ஹப்பின் உள்ளே ஷாஃப்ட் மரைக்கு ஏற்ற மரை இருக்க வேண்டும். 26 சிசியில் பெரும்பாலும் எம்8, ஆனாலும் அளந்து பாருங்கள், மரையின் பிட்ச் மாறும். ஹப் ஷாஃப்டில் திருகி ஏறி, ஃபிளைவீலை அதன் டேப்பரில் (ஷாஃப்டின் கூம்புச் சரிவில்) அழுத்திப் பிடிக்க வேண்டும். முன்முகத்தில் புரொப்பல்லருக்கு நாலு எம்5 போல்ட், நடுவில் புரொப்பல்லர் துளைக்குள் இறுக்கமாக உட்காரும் ஒரு குமிழ், புரொப்பல்லருக்கு முன்னால் 4 மி.மீ. கனத்தில் ஒரு வட்டத் தகடு. இவ்வளவுதான் வரைபடம். சாதாரண மரை, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும் இன்ஜின் என்றால் ஓடும்போது ஹப் தானாக இறுகும். ஸ்டார்ட் ஆகாமல் திருப்பி உதைக்கும்போதுதான் தளரும், அதனால் மரையில் திரெட்லாக்கர் தடவித்தான் ஏற்ற வேண்டும்.

எனக்கு முதல் ஹப்பைக் கீழக்கரையில் ஒரு லேத்காரக் காக்கா (அண்ணன்) கடைந்து தந்தார். வாழ்நாளெல்லாம் படகு ஷாஃப்ட் கடைந்தவர். நான் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது நிறுத்தி, "தம்பி, இன்ஜினைக் கொண்டா, பூட்டிப் பார்க்காம தர மாட்டேன். படகு இந்த ஆட்டத்தைத் தாங்கும், தண்ணி பிடிச்சுக்கும். காத்துல எதைப் பிடிக்கும்?" என்றார். அடுத்த நாள் இன்ஜினை எடுத்துப் போனேன். ஹப்பை ஏற்றி, முன்முக விளிம்பில் டயல் கேஜை வைத்து ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஒரு சுற்றுக்குப் பத்துக் கோடு போய்ப் போய் வந்தது, அதாவது 0.1 மி.மீ. கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த முகத்தில் பூட்டும் 16 அங்குல புரொப்பல்லரின் நுனிக்குப் போகும்போது அதே கோணல் பல மடங்காகப் பெருகிவிடும். லேத்தில், ஷாஃப்ட் மாதிரியே மரை வெட்டிய ஒரு துண்டை மாட்டி, அதன் மேல் ஹப்பை ஏற்றி, முகத்தை மறுபடி ஒரு சீவல் சீவித் தந்தார். முள் அசையவில்லை. நீங்களும் அப்படியே கேளுங்கள்: முதலில் மரை, அப்புறம் அந்த மரையைப் பிடித்துக்கொண்டே முகம். 0.05 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் வாங்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்கும் 61 நாள். அப்போது லேத் பட்டறையில் நம் வேலைக்கு இடமே இருக்காது, படகு வேலைதான் அவர்களுக்குப் பிழைப்பு. பொங்கல் முடிந்து பங்குனிக்குள் போய்விடுங்கள்.

புரொப்பல்லர் (முதல் எண் விட்டம், அடுத்தது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில்): 26 சிசிக்கு 16க்கு 8, அல்லது 17க்கு 6. 33க்கு 18க்கு 6 அல்லது 8. 43க்கு 20க்கு 8. 52க்கு 22க்கு 8. பீச் மரத்தில் செய்ததே நல்லது. போல்ட் ஓட்டையைக் கைத்துளையில் போடாதீர்கள், ஹப்போடு சேர்த்து ஒரு துளை வழிகாட்டித் தகடும் லேத்திலேயே வாங்கிவிடுங்கள். துளைத்த பிறகு சமன் பாருங்கள், கனமான பக்கத்தின் பின்முகத்தில் உப்புத்தாள் போட்டு, தேய்த்த இடத்தில் வார்னிஷ் அடியுங்கள். பூட்டிய பிறகு, ஒரு குச்சியை நுனிக்கு எதிரே நிறுத்தி இரண்டு நுனியும் ஒரே இடத்தில் கடக்கிறதா என்று பாருங்கள், ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

கார்புரேட்டரும் அந்தச் சின்ன ஓட்டையும்

சீனப் புல்வெட்டிகள் பலவற்றில் உருளை சுற்றித் திறக்கும் கார்புரேட்டர் வரும். ஆக்ஸிலரேட்டர் கம்பிக்கு அது சரி, சர்வோவுக்கு (ரேடியோ சொல்கிறபடி கம்பியைத் தள்ளி இழுக்கும் சின்ன மோட்டார்) நடுவில் தகடு திரும்பும் வால்ப்ரோ வகைதான் வசதி, கையும் பழகியது. எச் (முழு வேகத்துக்கு), எல் (மெது ஓட்டத்துக்கு) என்று இரண்டு ஊசி இருக்கும். இரண்டையும் மென்மையாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள்.

இந்த வகை கார்புரேட்டருக்குள்ளேயே டயாப்ரம் பம்ப் இருக்கிறது. அது அசைவது கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பால். அந்தத் துடிப்பு ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை வழியாக, கேஸ்கெட், கறுப்பு இன்சுலேட்டர் கட்டை எல்லாம் தாண்டி கார்புரேட்டருக்கு வருகிறது. சர்வோ கம்பிக்கு வசதியாக இருக்கிறதே என்று கார்புரேட்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் அந்த ஓட்டை அடைபட்டுப்போகும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது அநேகமாக இங்கேதான், நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதில் விட்டேன். அறிகுறி எளிது: கார்புரேட்டர் வாயில் நாலு சொட்டு பெட்ரோல் விட்டால் ஐந்து நொடி ஓடி நின்றுவிடும், மறுபடி விட்டால் மறுபடி ஐந்து நொடி. பிளக் மாற்றி, காயில் மாற்றி, கடைசியில் மண்டபத்தில் படகு அவுட்போர்டு இன்ஜின் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றி கேஸ்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கார்புரேட்டர் பக்கம் ஓட்டை இடதுபுறம், இன்ஜின் பக்கம் வலதுபுறம். திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால் துடிப்பு போகும் வழியை கேஸ்கெட்டில் புதிதாக வெட்டிக் கொண்டுபோக வேண்டும். பூட்டுவதற்கு முன் ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆக்ஸிலரேட்டரைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம், இல்லாவிட்டால் சர்வோ எந்நேரமும் அதோடு மல்லுக்கட்டும். கழற்றினால் ரேடியோவில் ஃபெயில்சேஃப் கட்டாயம்: சிக்னல் போனால் இன்ஜின் அணைய வேண்டும்.

இக்னிஷன் காயிலுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் இடைவெளி 0.3 மி.மீ. விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் வைத்து, காந்தமே காயிலை இழுத்துப் பிடிக்கும்படி விட்டு, திருகுகளை இறுக்கி, ஃபிளைவீலைச் சுற்றி கார்டை எடுத்தால் சரியாக வந்துவிடும். பிளக் ரெசிஸ்டர் உள்ளதாக இருக்க வேண்டும், பெயரில் ஆர் எழுத்து இருக்கும், என்.ஜி.கே. என்றால் பி.பி.எம்.ஆர். வகை. அது இல்லாமல் பிளக் போடும் இரைச்சல் ரிசீவருக்குப் போகும்.

முன்பலகை

இன்ஜின் உட்காரும் முன்பலகை 6 மி.மீ. மரைன் பிளை இரண்டு, எபாக்ஸியில் ஒட்டி 12 மி.மீ. படகு கட்டுமிடங்களில் மிஞ்சிய துண்டே போதும். ஓரத்தில் ஒட்டிய கோந்து மட்டும் இதைத் தாங்காது. உள்பக்கம் நாலு மூலையிலும் முக்கோணக் கட்டை, பக்கவாட்டிலிருந்து மூங்கில் ஆணிகள், மேலே ஃபைபர் துணியும் ரெசினும். பிறகு முன்பக்கம் முழுக்க எபாக்ஸி ஒரு பூச்சு, பெட்ரோலும் எண்ணெயும் மரத்தில் ஊறாமல் இருக்க. படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் மரத்தை எபாக்ஸி பிடிக்கும் பிடி அதற்கு வராது. தெர்மாகோல் பாகம் எதிலும் அதைப் படவிடவும் கூடாது, உருகிப்போகும்.

கயிறு ஸ்டார்ட்டர் இருந்த இடத்தில், கிராங்க் அறையின் பின்பக்கம் திருகு ஓட்டைகள் இருக்கும். அவற்றில் 6 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றைப் பூட்டி, தகட்டையும் முன்பலகையையும் நாலு உருளைத் தூண்களால் இணையுங்கள். பலகைக்குப் பின்னால் டி நட் (மரத்தில் பல் பதித்து நிற்கும் நட்), எம்5 போல்ட், அகல வாஷர்.

இன்ஜினை நேராக வைக்கக் கூடாது. பைலட் பார்வையில் வலப்பக்கம் 2 டிகிரி, கீழ்நோக்கி 1 அல்லது 2 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். போல்ட்டுகளுக்கு நடுவில் 80 மி.மீ. இடைவெளி என்றால் 2 டிகிரிக்கு 2.8 மி.மீ. வாஷர். வலப்பக்கம் திருப்ப இடப்பக்கத் தூண்களுக்கு அடியில், கீழ்நோக்கித் திருப்ப மேல் தூண்களுக்கு அடியில். வலப்பக்கம் திருப்பினால் புரொப்பல்லர் நடுவிலிருந்து விலகும், பலகையிலிருந்து ஹப் முகம் 150 மி.மீ. என்றால் 5 மி.மீ. அதனால் இன்ஜினை முதலிலேயே 5 மி.மீ. இடப்பக்கம் தள்ளிக் குறித்துத் துளையிடுங்கள்.

துளையிடும் முன் எடைச் சமனைப் பார்த்துவிடுங்கள். என் 26 சிசி எல்லாம் கழற்றிய பிறகும் ஒன்றரைக் கிலோ இருந்தது. விமானத்தின் எல்லாச் சாமானையும் டேப் போட்டு ஒட்டி, இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலான தூரத்தில், முன்விளிம்பிலிருந்து 28 முதல் 30 சதவீத இடத்தில் இரண்டு விரலால் தூக்குங்கள். மூக்கு கவிழ்ந்தால் பேட்டரியை, சர்வோவைப் பின்னால் நகர்த்துங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் தூண்களைக் குட்டையாக்குங்கள்.

இன்ஜினைச் சுற்றி மூடி போடுவதானால் காற்று வெளியேறும் வழி, நுழையும் வழியைப் போல இரண்டரை மூன்று மடங்கு இருக்கட்டும். முதல் மாதம் மூடியே வேண்டாம். ஊசி திருப்பவும், போல்ட் பார்க்கவும் திறந்திருப்பதுதான் நல்லது.

டேங்க், எண்ணெய், ரேடியோ

400 மி.லி. டேங்க் போதும். டேங்க் மூடி ரப்பரும் குழாயும் பெட்ரோல் தாங்குவதாக இருக்க வேண்டும், குளோ இன்ஜினுக்குப் போடும் சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊதிப் பிய்ந்துவிடும். மஞ்சள் நிற டைகான் குழாய் கேட்டு வாங்குங்கள். பம்ப் இருப்பதால் டேங்க் எங்கே இருந்தாலும் இன்ஜின் இழுத்துக்கொள்ளும், எடை மையத்துக்கு மேலேயே வைத்துவிட்டால் பெட்ரோல் குறையும்போது சமன் மாறாது.

பெட்ரோல் பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், நம் கரைக்காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. கேனில் வாரக்கணக்கில் வைத்த பெட்ரோலைப் போடாதீர்கள், டயாப்ரம் விறைத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். நல்ல டூ டி ஆயில், முதல் நாலு லிட்டருக்கு லிட்டருக்கு 40 மி.லி., அப்புறம் 30. கலந்து, வடிகட்டி, அன்றே தீருங்கள்.

ரிசீவரும் அதன் பேட்டரியும் இன்ஜினிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளி, நுரையில் பொதிந்து. ஆக்ஸிலரேட்டர் கம்பி நைலான், உலோகம் வேண்டாம். சர்வோக்கள் உலோகப் பல் உள்ளவை. இன்ஜினை அணைக்க காயிலின் கில் வயரை இன்ஜின் உடம்போடு இணைக்கும் ஸ்விட்ச் இரண்டு: விமானத்தின் வெளிப்பக்கம் கையால் தட்டுவது ஒன்று, ரேடியோவில் ஒன்று. ஒன்றோடு நிறுத்தாதீர்கள்.

முதல் முறை ஓட விடுவது

கடற்கரையில் ஓடவிடாதீர்கள். வீடு கடலோரம் என்பதால் நான் மணலிலேயே வாலைக் கட்டி ஓடவிட்டேன். புரொப்பல்லர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுற்றும்போது மணலைக் கண்ணுக்குத் தெரியாமல் தூக்கிப் பின்னால் எறியும், கார்புரேட்டர் வாய் சரியாக அந்த வழியில் இருக்கிறது. இருபது நிமிடம்தான் ஓடியது. அடுத்த வாரம் சுருதி இறங்கிக் கேட்டதால் சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டனின் கார்புரேட்டர் பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கி, நகத்தை வைத்து இழுத்தால் நெருடியது, ரிங் இடுக்கில் பொடிமணல் மூன்று நாலு மினுக்கியது. புது பிஸ்டன், புது ரிங், புது சிலிண்டர் வாங்க வேண்டி வந்தது. இப்போது எங்கே ஓடவிட்டாலும் முன்னால் பெரிய தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் கல் வைத்து, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். கார்புரேட்டர் வாய்க்கு நுரை வடிகட்டியும் உண்டு.

வாலைப் பனங்கட்டையிலோ நட்டு வைத்த சவுக்குக் கட்டையிலோ கட்டுங்கள். ஒருவர் விமானத்தைப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் விமானத்துக்குப் பின்னால். புரொப்பல்லர் சுழலும் தளத்தின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, உடைந்தால் துண்டு அந்தப் பக்கம்தான் பறக்கும். கையில் கனமான தோல் உறை, காலில் செருப்பு இல்லை, ஷூ. வேட்டி, துண்டு, கழுத்துக் கயிறு எதுவும் தொங்கக் கூடாது. தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில்.

இக்னிஷனை அணைத்து, சோக்கை மூடி, கார்புரேட்டர் நனையும் வரை புரொப்பல்லரைச் சுற்றுங்கள். இக்னிஷனைப் போட்டு, வெடுக்கென்று தட்டுங்கள், ஒருமுறை பட்டென்று பற்றி அணையும். சோக்கைத் திறந்து மறுபடி தட்டினால் பிடித்துக்கொள்ளும். மேக்னெட் இக்னிஷனுக்கு வேகமான தட்டு வேண்டும், மெதுவாகச் சுற்றினால் தீப்பொறி வராது, ஆனாலும் புரொப்பல்லர் எந்நேரமும் பற்றும் என்றே நினைத்துத் தொடுங்கள்.

சூடானதும் எல் ஊசியால் மெது ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள், எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை வெடுக்கென்று கொடுத்தால் தடுமாறாமல் ஏற வேண்டும். அப்புறம் முழு வேகத்தில் எச் ஊசியை மூடிக்கொண்டே போய், வேகம் ஏறி நின்ற இடத்திலிருந்து சற்றுத் திறந்துவிடுங்கள். ஊசியை எப்போதும் பின்பக்கம் நின்றுதான் திருப்ப வேண்டும். 16க்கு 8 புரொப்பல்லரில் 7,000 ஆர்.பி.எம். பக்கம் வந்தால் போதும். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். முதல் லிட்டரில் ஏதாவது ஒன்று தளர்ந்தே இருக்கும்.

எங்கே பறப்பது

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை, எதிரே சர்வதேச கடல் எல்லை. 2021 ட்ரோன் விதிகள் நம் விமானத்துக்கும் பொருந்தும். மாடல் விமானத்துக்கு ரகச் சான்றிதழ் தேவையில்லை என்றாலும் வான்வெளிக் கட்டுப்பாடு அப்படியே உண்டு. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் சிவப்பில் இருந்தால் அங்கே அனுமதியில்லாமல் பறக்கவே கூடாது. சிவப்பில் இல்லாவிட்டாலும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கரையில் வானத்தில் சத்தம் கேட்டால் ஜனங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

தண்ணீர் வற்றிய கண்மாய்தான் நமக்கு ஓடுதளம். ஆனால் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர் எல்லாம் பறவைகள் சரணாலயம், அந்தப் பக்கமே வேண்டாம். மற்ற கண்மாய்களில் சீமைக் கருவேல முள் கிடக்கும், காற்றடைத்த சக்கரம் ஒரு நாள் தாங்காது, நுரைச் சக்கரம் போடுங்கள். ஓடப்போகும் தூரத்தை முதலில் ஒருவர் நடந்து பார்த்துவிடட்டும்.

தை முதல் பங்குனி வரை விடிந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் காற்று அடங்கியிருக்கும், முதல் பறப்பை அதில் வைத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் கச்சான் காற்று ஏறிவிட்டால் பழகிய கைக்கே சிரமம்.

பறப்பதற்கு முன், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடியோ தூரச் சோதனை செய்யுங்கள். அணைத்து வைத்துச் செய்த சோதனை கணக்கில் சேராது. முதல் பறப்பு பத்து நிமிடத்துக்குள் முடியட்டும், இறங்கியதும் டேங்கில் மிச்சத்தை அளந்தால் அடுத்ததற்குக் கணக்குத் தெரிந்துவிடும்.

இறக்கியதும் முதலில் புரொப்பல்லர் போல்ட்டைப் பாருங்கள். நம் கரையில் மரம் இரவில் ஈரம் குடித்து உப்பும், பகல் வெயிலில் சுருங்கும், காலையில் இறுக்கியது மதியம் தளர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் டேங்கை வடித்து, இன்ஜினை ஒருமுறை ஓடவிட்டு கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதையும் எரித்துவிடுங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டியில் பாதி டூ டி ஆயில் விட்டு, நாலு சுற்று கையால் சுற்றி, பிளக்கை மாட்டுங்கள். சிலிண்டர் துடுப்புகளை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்துவிடும், தொட்டால் விரலில் உப்பு மாதிரி ஒட்டும். கடைசியாக கார்புரேட்டர் வாயிலும் சைலன்சர் வாயிலும் துணி அடைத்து, அந்தத் துணியோடு ஒரு சிவப்பு ரிப்பனும் வெளியே தொங்கும்படி கட்டிவிடுங்கள், அடுத்த முறை எடுக்க மறக்காமல் இருக்க.